கிறிஸ்துமஸ் குல்லா: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் உல்லன் குல்லா பின்னிக் கொடுப்பது என் பொறுப்பு. அப்பா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் மூன்று பேர், அத்தை என்று வருடத்துக்கு ஏழெட்டு குல்லா. இத்தனை வருடத்தில் புதுக் கோளாறு எதுவும் வந்ததில்லை. அதே பத்துப் பன்னிரண்டுதான் மாறி மாறி வரும். தப்புத் தெரிந்தவுடன் மொத்தத்தையும் பிரித்துவிடுவதுதான் நான் ஆரம்பத்தில் செய்த பெரிய தவறு. பாதிக்கு மேற்பட்ட கோளாறுகளுக்குப் பிரிக்கவே தேவையில்லை. அதனால் கீழே ஒவ்வொன்றிலும் செலவில்லாத வழி முதலில் வரும், பிரிப்பது கடைசியில் வரும்.

ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்கிறேன். கண்ணியின் இரண்டு பக்கத்து நூலும் அதன் கால்கள். வட்டமாகப் பின்னும்போது ஒரு முறை சுற்றி வருவது ஒரு சுற்று. நிட் என்பது முன்பக்கம் 'வி' போலத் தெரியும் பின்னல், பர்ல் அதன் மறுபக்கம். இரண்டும் மாறி மாறி வரும், விரிந்து சுருங்கும் விளிம்புதான் ரிப். அதற்கு மேலே நிட் மட்டும் வரும் இடம் சமதளம். அளவுகள் எல்லாம் நடுத்தரத் தடிமன் நூலுக்கு, அதாவது 4.5 முதல் 5 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 20 கண்ணி, 28 சுற்று வரும் நூலுக்கு.

## குல்லா தலையில் ஏறவில்லை, அல்லது நெற்றியில் தடம் பதிகிறது

விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். பிறகு 3 செ.மீ. மேலே பிடித்து இழுங்கள். இரண்டும் ஒரே அளவுக்கு விரிகிறதா என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

### மேலே விரிகிறது, விளிம்பு மட்டும் கம்பி மாதிரி நிற்கிறது

கண்ணி போட்டபோது, அதாவது காஸ்ட் ஆனில், கை இறுகியிருக்கிறது. மற்ற இடத்தில் ஒரு குறையும் இல்லை. அப்பாவுக்கு நான் பின்னிய முதல் குல்லா இப்படித்தான். அவர் ஒன்றும் சொல்லாமல் நாள் முழுக்கப் போட்டிருந்தார். இரவு கழற்றியபோது நெற்றியில் ரிப்பின் கோடுகள் வரிவரியாகச் சிவந்து பதிந்திருந்தன. விளிம்பை இழுத்துப் பார்க்காமல் இப்போது எந்தக் குல்லாவையும் பொட்டலம் கட்டுவதில்லை.

முதலில் நனைத்துப் பாருங்கள். அசல் கம்பளி நூல் என்றால் வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, தலை அளவுள்ள பாத்திரத்தின் மேல் விளிம்பை விரித்துக் காயவையுங்கள். ஒன்றிரண்டு செ.மீ. கிடைக்கும். அக்ரிலிக் நூல் இதற்குப் படியாது.

அது போதாவிட்டால் விளிம்பை மட்டும் மாற்றலாம். விளிம்புக்கு இரண்டு சுற்று மேலே ஒரு கண்ணியின் காலைக் கத்தரித்து, அந்த ஒரு சுற்று நூலை ஊசி முனையால் கண்ணி கண்ணியாக உருவுங்கள். விளிம்பு வளையமாகக் கழன்றுவிடும். மேலே வெளிப்படும் கண்ணிகளை மெல்லிய ஊசியில் கோத்துக்கொண்டு, ஒரு அளவு பெரிய ஊசியால் தளர்வாக முடியுங்கள்: இரண்டு கண்ணியைப் பின்கால் வழியாகச் சேர்த்து நிட் போட்டு, வந்த கண்ணியை இடது ஊசிக்கே திருப்பி, மறுபடி இரண்டு. இந்த முடிப்பு ரிப்போடு சேர்ந்து விரியும். எனக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முழுக் குல்லாவும் பிரித்துப் பின்ன இரண்டு மாலை ஆகும்.

அடுத்த குல்லாவுக்குக் கண்ணி போடும்போதே ஒரு அளவு பெரிய ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள்.

### மேலும் கீழும் ஒரே இறுக்கம்

கண்ணிகளை எண்ணுங்கள். போட வேண்டிய எண்ணிக்கை இருக்கிறதா? இருந்தால், ரிப்புக்கு மேலுள்ள சமதளத்தில் அளவுகோலை வைத்து 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று பாருங்கள். 104 கண்ணியில் 10 செ.மீ.க்கு 20 வந்தால் சுற்றளவு 52 செ.மீ. அதுவே 22 வந்தால் 47 செ.மீ.தான். 18 வந்தால் 58. இரண்டு கண்ணி வித்தியாசத்தில் அண்ணன் குல்லா அண்ணன் மகனுக்குப் போய்விடும்.

இதற்கு ரிப்பேர் இல்லை. சின்னத் தலைக்கு மாற்றிக் கொடுங்கள், அல்லது பிரித்து அரை மி.மீ. பெரிய ஊசியில் தொடங்குங்கள். நான் இரண்டாவதை அதிகம் செய்வதில்லை. வீட்டில் எட்டுத் தலை இருக்கும்போது எந்த அளவுக்கும் ஒரு தலை அகப்பட்டுவிடும்.

தலைச் சுற்றளவு ஏறக்குறைய இப்படி: பிறந்த குழந்தை 35 செ.மீ., ஆறு மாதம் 43, ஒரு வயது 46, ஐந்து வயது 51, பெண்கள் 55 முதல் 56, ஆண்கள் 57 முதல் 58. குல்லா இதைவிடச் சிறியதாக இருந்தால்தான் பிடித்து நிற்கும். பெரியவர்களுக்கு 5 செ.மீ., குழந்தைகளுக்கு 2 முதல் 3 செ.மீ. குறையுங்கள். யாருக்கும் தெரியாமல் பின்ன வேண்டுமென்றால் அவர்கள் போடும் பழைய தொப்பியைத் தட்டையாக வைத்து அகலத்தை அளந்து இரண்டால் பெருக்குங்கள்.

### இழுத்தாலே விரியவில்லை, துணி முரடாக இருக்கிறது

நிட் கண்ணியின் அடியை உற்றுப் பாருங்கள். இரண்டு கால்களும் 'வி' மாதிரி விலகி நின்றால் சரி. கால்கள் ஒன்றையொன்று தாண்டிக் கத்தரி போல நின்றால் கண்ணி முறுக்கிக்கொண்டிருக்கிறது. நூலை ஊசியில் எதிர்ப்பக்கமாகச் சுற்றுவதால், அல்லது பின்காலில் ஊசி விடுவதால் வரும். இடது ஊசியில் உள்ள கண்ணியின் வலது கால் முன்னால் இருக்க வேண்டும், ஊசி அதன் உள்ளே போக வேண்டும். குல்லா முழுக்க இப்படி இருந்தால் ஒரு பக்கமாகச் சுழன்றும் நிற்கும். பாதிக்குள் கண்டுபிடித்தால் பிரியுங்கள். முடித்தபின் கண்டுபிடித்தால், தலைக்குப் பொருந்துகிறதென்றால், கொடுத்துவிடுங்கள். பின்னத் தெரியாதவர் கண்ணில் அது படாது.

## குல்லா கண்ணை மறைத்து மூக்கில் உட்காருகிறது

நன்றாகக் காய்ந்துவிட்டதா? இதை முதலில் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சூப்பர்வாஷ் என்று பட்டையில் போட்ட கம்பளி ஈரத்தில் அநியாயத்துக்கு நீளும். தொங்கவிட்டால் இன்னும் மோசம். பட்டையில் டம்பிள் டிரையர் அடையாளம் அனுமதித்தால் சிறிது நேரம் சுழலவிட்டால் பழைய அளவுக்கு வரும். அனுமதி இல்லாவிட்டால் தட்டையாக வைத்துக் கையால் ஒடுக்கிக் காயவையுங்கள்.

காய்ந்தும் தளர்வாக இருந்தால், விளிம்பை ஒரு மடிப்பு மடித்துப் பாருங்கள். இரட்டை ரிப் தலையைப் பிடித்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால், குல்லாவை உள்புறம் திருப்பி, மெல்லிய எலாஸ்டிக் நூலை ரிப்பின் நிட் கண்ணிகளின் முதுகில் மட்டும் கோத்து மூன்று சுற்று ஓட்டுங்கள். சுற்றுக்குச் சுற்று 1 செ.மீ. இடைவெளி. இழுத்துக் கட்டாதீர்கள். தலை அளவுக்கு 4 செ.மீ. குறைவாக நிற்கும்படி முடிச்சுப் போடுங்கள். வெளியே ஒன்றும் தெரியாது.

கடைசி வழி, ரிப்பை மட்டும் புதிதாகப் போடுவது. ரிப்புக்கு மேலே முதல் சமதளச் சுற்றில் ஒரு கண்ணியைக் கத்தரித்து ரிப்பைக் கழற்றிவிட்டு, கண்ணிகளைக் கோத்து, முதல் சுற்றிலேயே 104ஐ 96 ஆகக் குறைத்து, 1 மி.மீ. சின்ன ஊசியில் கீழ்நோக்கி ரிப் பின்னுங்கள். கவனம்: வெட்டு சமதளத்தில் விழ வேண்டும். ரிப்பின் நடுவே வெட்டிக் கீழ்நோக்கி ரிப் தொடர்ந்தால் வரிசைகள் அரைக் கண்ணி நகர்ந்து நிற்கும், மறைக்கவே முடியாது.

## வளையம் முறுக்கிக்கொண்டது

ஊசியில் கண்ணிகளின் அடிவிளிம்பு எல்லா இடத்திலும் உள்பக்கமே பார்க்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் விளிம்பு ஊசி மேல் ஏறிச் சுற்றியிருந்தால் முறுக்கு.

முதல் சுற்றுக்குள் கண்டுபிடித்தால் பிழைத்தீர்கள். சுற்று முடியும் இடத்தில், கடைசிக் கண்ணிக்கும் முதல் கண்ணிக்கும் நடுவே ஒற்றை நூல்தான் இருக்கும். அங்கே கண்ணிகளை ஊசியோடு ஒரு முறை சுழற்றி முறுக்கை அந்த நூலுக்குள் தள்ளிவிடலாம். இரண்டு மூன்று சுற்று ஏறிவிட்டால் வேறு வழியே இல்லை, பிரிக்கத்தான் வேண்டும். துவைத்தால் போகும், அயர்ன் செய்தால் போகும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நான் இப்போது முதல் இரண்டு வரிசையைச் சேர்க்காமல் தட்டையாகவே பின்னி, பிறகு வட்டம் சேர்க்கிறேன். கால் அங்குலம் துணி தொங்கும்போது முறுக்கு கண்ணில் அடிக்கும். சேராமல் நிற்கும் அந்தச் சின்னப் பிளவைத் தொடக்கத்து வால்நூலால் இரண்டு தையல் போட்டு மூடிவிடலாம்.

## எண்ணிக்கை ஒவ்வொரு சுற்றிலும் மாறுகிறது

### கூடுகிறது

ரிப்பில் நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூலை ஊசிகளுக்கு நடுவே கொண்டுவராமல் ஊசி மேலாகக் கொண்டுவந்திருப்பீர்கள். அந்தச் சுற்று ஒரு கூடுதல் கண்ணியாகிவிடும், அதன் கீழே ஓட்டை தெரியும். அடுத்த சுற்றிலேயே கண்டால் அந்த நூலைச் சும்மா நழுவவிடுங்கள், போதும். ஓட்டை இல்லாமல் கூடினால் நூலின் புரி பிரிந்து ஒரு கண்ணி இரண்டாகியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒன்றாகப் பின்னிவிடுங்கள்.

### குறைகிறது

இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னியிருக்கலாம், அல்லது ஒன்று நழுவியிருக்கலாம். நழுவியது கீழே எங்கேயோ ஒற்றை வளையமாக நிற்கும், மேலே ஏணிப்படி போலக் குறுக்கு நூல்கள். பார்த்த நொடியில் அந்த வளையத்தில் ஒரு சேஃப்டி பின் மாட்டுங்கள். பதறி இழுத்தால் இன்னும் இறங்கும்.

பிறகு குரோஷா ஊசி. நிட் வரிசை என்றால் ஊசியை முன்னாலிருந்து வளையத்துக்குள் விட்டு, நேர் மேலே உள்ள குறுக்கு நூலைக் கொக்கியில் பிடித்து, வளையத்தின் வழியே முன்னால் இழுங்கள். ஒரு படி ஏறியாயிற்று. அடுத்த குறுக்கு நூல். படியைத் தவறவிடாமல் அடியிலிருந்து வரிசையாக ஏற வேண்டும். இரண்டு படியை ஒன்றாகப் பிடித்தால் அந்த இடம் சுருங்கும், ஒன்றை விட்டால் முதுகில் நூல் தொங்கும். பர்ல் வரிசையானால் குல்லாவை உள்புறம் திருப்பிக்கொண்டு அதே வேலை. உள்ளே இருந்து பார்த்தால் அதுவும் நிட்தான்.

இதைக் கற்றுக்கொண்டால் இன்னொரு பெரிய கோளாறும் ஒழிந்தது: எட்டுச் சுற்றுக்குக் கீழே ஒரு நிட் இருக்க வேண்டிய இடத்தில் பர்ல் போட்டிருப்பது. எட்டுச் சுற்றையும் பிரிக்க வேண்டாம். அந்த ஒரு வரிசையை மட்டும் வேண்டுமென்றே நழுவவிட்டு, தப்பு வரை இறக்கி, குரோஷா ஊசியால் சரியாக ஏற்றுங்கள். முதல் தடவை செய்யும்போது என் கை நடுங்கியது. மறுநாள் எந்த வரிசையைச் சரிசெய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

### எண்ணிக்கை சரி, ஆனால் ரிப் சுற்றின் கடைசியில் பொருந்தவில்லை

இரண்டு நிட், இரண்டு பர்ல் ரிப்புக்கு எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். உச்சியை எட்டுப் பங்காகக் குறைப்பதாக இருந்தால் எட்டின் மடங்கு: 88, 96, 104, 112. இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

## நேர்க்கோட்டில் ஏணி போல இடைவெளி ஏறுகிறது

இரண்டு ஊசி சந்திக்கும் இடத்தில் நூல் தளர்கிறது. இருமுனை ஊசியிலும், வட்ட ஊசியின் இரு முனைகளை இணைக்கும் நீளக் கேபிளை வளைத்துப் பின்னும்போதும் வரும். முதல் கண்ணியை இறுக்கி இழுப்பதுதான் எல்லோரும் செய்வது, அதில் பெரிய பயனில்லை. இரண்டாவது கண்ணியைப் பின்னியதும் நூலை இழுங்கள், அப்போது முதல் கண்ணி அமர்ந்துகொள்ளும். சந்திப்பையும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கண்ணி நகர்த்திவிடுங்கள். ஏற்கெனவே விழுந்த ஏணியை, ஊசி முனையால் தளர்ந்த நூலைப் பக்கத்துக் கண்ணிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்துவிட்டு ஒரு முறை துவைத்தால் பெரும்பாலும் மறையும்.

## உச்சி சரியாக வரவில்லை

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். படம் பார்த்து மனக்கணக்கில் குறைப்பவர்களுக்குத்தான் வரும்.

### கூம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது

குறைப்பு மெதுவாக நடந்திருக்கிறது. 52 செ.மீ. சுற்றளவுள்ள வட்டத்தின் ஆரம் 8 செ.மீ. சொச்சம். 104 கண்ணியை ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் எட்டெட்டாகக் குறைத்தால் 12 குறைப்பு, மொத்தம் 24 சுற்று, உயரம் ஏறக்குறைய 8.5 செ.மீ. ஆரமும் உயரமும் ஒன்றுக்கொன்று பொருந்துவதால் உச்சி தலையில் படிந்து உட்காரும். அதே வேகத்தில் ஐந்து ஐந்தாகக் குறைத்தால் 40 சுற்று வரை போய்விடும், 14 செ.மீ. உயரம். கூம்பு அங்கேதான் முளைக்கிறது.

உச்சியை மட்டும் பிரியுங்கள். பிரிக்கும் முன், குறைப்பு தொடங்கும் சுற்றில் எல்லாக் கண்ணியின் வலது கால் வழியாகவும் வேறு நிற மெல்லிய நூலைக் கோத்துவிடுங்கள். பிரித்துக்கொண்டு வரும்போது அந்த நூலில் வந்து நிற்கும், ஒரு கண்ணிகூட ஓடாது. கூம்பு பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள். அண்ணன் மகள் தன் கூம்புக் குல்லாவைத் திருத்தவே விடவில்லை.

### உச்சி சுருங்கிச் சுருங்கி மடிப்பு விழுகிறது

நேர் எதிர்க் காரணம். ஒவ்வொரு சுற்றிலும் எட்டைக் குறைத்தால் 12 சுற்றில், 4 செ.மீ. சொச்சத்தில் முடிந்துவிடும். இவ்வளவு துணிக்கு அங்கே இடமில்லை. 40 கண்ணி வரும் வரை ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றிலும், அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் குறைத்துப் பாருங்கள். லேசான சுருக்கம் என்றால் பிரிக்கும் முன் நனைத்து, ஊதிய பலூனில் மாட்டிக் காயவையுங்கள். பல சமயம் அதோடு சரியாகிவிடும்.

### நடு உச்சியில் ஓட்டை

கடைசியில் நிற்கும் எட்டுக் கண்ணிகளின் வழியே வால்நூலை ஒரு சுற்று மட்டும் ஓட்டியிருப்பீர்கள். இரண்டாம் சுற்றும் ஓட்டி, இழுத்து, நூலை உள்ளே இறக்கி மூன்று திசையில் மறைத்துத் தையுங்கள். நூலை ஒட்ட வெட்டாதீர்கள், 2 செ.மீ. இருக்கட்டும்.

## காது வெளியே தெரிகிறது

உயரக் குறைவு என்று தோன்றும், ஆனால் முதலில் சுற்றளவைப் பாருங்கள். இறுக்கமான குல்லா தலையில் நிற்காமல் மேலே மேலே ஏறும். அளவு சரியென்றால் விளிம்பிலிருந்து உச்சி வரை அளந்து பாருங்கள். பெரியவர்களுக்கு மடிப்பில்லாமல் 20 முதல் 22 செ.மீ., மடிப்போடு என்றால் 26 முதல் 28 வேண்டும்.

கீழே ரிப் சேர்ப்பதா, உச்சியைப் பிரித்து நடுவில் சுற்றுகளைச் சேர்ப்பதா? நான் உச்சியைத்தான் பிரிப்பேன். மேலிருந்து நூல் தானாக ஓடி வரும், கத்தரிக்கோல் வேண்டாம், 24 சுற்றில் கண்ணியும் குறைந்துகொண்டே போவதால் திரும்பப் பின்னுவதும் சீக்கிரம். வேண்டிய உயரத்துக்கு ஒரு செ.மீ.க்கு மூன்று சுற்று என்று சேர்த்துவிட்டு உச்சியை மறுபடி மூடுங்கள். நூல் மிச்சம் இல்லையென்றால் வேறு நிறத்தில் ஒரு பட்டை போடலாம். எங்கள் அத்தையின் குல்லாவில் உள்ள மஞ்சள் பட்டை அப்படி வந்ததுதான்.

## இரு நிறக் கோலத்தில் துணி சுருங்கிக் கிடக்கிறது

உள்புறம் திருப்பிப் பாருங்கள். முதுகில் ஓடும் நூல் வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இருக்கிறதா? நிறம் மாற்றும்போது வலது ஊசியில் உள்ள கண்ணிகளை அகலமாக விரித்துவிட்டுத்தான் புது நிறத்தை எடுக்க வேண்டும். ஐந்து கண்ணிக்கு மேல் ஓடும் நூலை நடுவில் ஒரு முறை மற்ற நூலோடு பின்னிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குழந்தை விரல் மாட்டும்.

லேசான சுருக்கம் துவைத்தால் போய்விடும். ஒரே ஒரு நூல் மட்டும் இழுத்தால் அதை நடுவில் வெட்டி, அதே நிறத்தில் ஒரு துண்டைச் சேர்த்து, நான்கு முனைகளையும் முதுகில் மறைத்துத் தைக்கலாம். முழுக்கவே இழுத்துக்கொண்டிருந்தால் பிரித்து, கோலம் வரும் பகுதிக்கு மட்டும் அரை மி.மீ. பெரிய ஊசி போடுங்கள்.

சிவப்பும் வெள்ளையும் சேர்க்கிறீர்கள் என்றால், பின்னும் முன்பே சிவப்பு நூலில் ஒரு முழம் வெட்டி நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூலுக்குத் துணையாகக் கரும்பச்சையோ கருநீலமோ எடுங்கள்.

## போட்டதும் அரிக்கிறது

எந்த இடத்தில் என்று கேளுங்கள். நெற்றியில் மட்டும் என்றால் பெரும்பாலும் நூலின் முரட்டுத்தனம். கம்பளி இழை 30 மைக்ரானுக்கு மேல் தடித்தால் தோலைக் குத்தும். ஒரு முறை கூந்தல் கண்டிஷனர் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து அலசிப் பாருங்கள். போகவில்லையென்றால் ரிப்பின் உள்பக்கம் மென்மையான ஃபிளீஸ் துணியைப் பட்டையாகத் தையுங்கள். விரியும் துணியாகவும் விரியும் தையலாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி தலையில் ஏறாது.

குல்லாவைக் கழற்றிய பிறகும் தடிப்பு நாள்கணக்கில் நிற்கிறது, கொப்புளம் வருகிறது, முகம் வீங்குகிறது என்றால் அங்கே பின்னல்காரருக்கு வேலையில்லை. தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். அந்தக் குல்லாவை மறுபடி போடச் சொல்லாதீர்கள்.

## துவைத்ததும் சின்னதாகிவிட்டது

கண்ணிகள் இன்னும் தனித்தனியாகத் தெரிகின்றனவா? தெரிந்தால் நம்பிக்கை உண்டு. கண்டிஷனர் கலந்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, எல்லாப் பக்கமும் மெதுவாக இழுத்து, பாத்திரத்தின் மேல் மாட்டிக் காயவையுங்கள். கொஞ்சம் மீளும், முழுவதும் மீளாது.

கண்ணிகளே தெரியாமல் கம்பளமாக இறுகிவிட்டால் அது திரும்பி வராது. வெட்டினாலும் பிரியாது என்பது அதன் நல்ல குணம். விளிம்பைக் கத்தரித்துச் சின்னப் பிள்ளைக்குக் குல்லாவாக்கலாம்.

அக்ரிலிக் சுருங்காது, ஆனால் அயர்ன் பெட்டி பட்டால் தளர்ந்து பளபளவென்று செத்துவிடும். அதற்கு வைத்தியமே இல்லை.

## குஞ்சப் பந்து ஆடுகிறது, முடி உதிர்கிறது

பந்தின் இடுப்பைக் கட்டிய நூல் வலுவில்லாதது. உல்லன் நூல் இழுத்தால் அறுந்துவிடும், ஆகவே தடித்த பருத்தி நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு முனையையும் உச்சி வழியாக உள்ளே இறக்கி ஒரு தட்டையான பொத்தானில் முடியுங்கள். துவைக்கும்போது கழற்றிவிடலாம்.

மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பந்தும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம், தாடைக்குக் கீழே கட்டும் கயிறும் வேண்டாம். கைக்குழந்தை வீட்டுக்குள் தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிடச் சொல்லிக் கொடுங்கள், குழந்தையின் உடல் சூடு தலை வழியாகத்தான் நிறைய வெளியேற வேண்டும்.

## கை மரத்துப்போகிறது

குல்லாவை விட இதுதான் முக்கியம். டிசம்பரில் ஒரே மூச்சாகப் பின்னுகிறவர்களுக்கு வரும்.

மணிக்கட்டில் வலி மட்டும் என்றால்: அரை மணிக்கு ஒரு முறை ஊசியை வையுங்கள், இரண்டு நாள் முழு ஓய்வு கொடுங்கள், இரும்பு ஊசியிலிருந்து மரம் அல்லது மூங்கிலுக்கு மாறிப் பாருங்கள். இறுக்கமான ரிப்பைத் தள்ளிவைத்துத் தளர்வான வேலையை எடுங்கள்.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்து, ராத்திரி எழுப்பிவிடுகிறதா? மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது என்பதற்கு அது அறிகுறி. ஓய்வெடுத்தும் சில வாரங்களில் போகாவிட்டால், அல்லது கையில் பிடித்த டம்ளர் நழுவ ஆரம்பித்தால், மருத்துவரைப் பாருங்கள். பாக்கி குல்லாக்கள் அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும்.

## டிசம்பர் 20 ஆகிவிட்டது, இன்னும் மூன்று தலை பாக்கி

நடுத்தர நூலில் ஒரு பெரியவர் குல்லா எனக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் பிடிக்கும். மூன்றுக்கு நேரமில்லை. தடித்த நூலுக்கு மாறுங்கள்: 8 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 11 கண்ணி வந்தால் 56 கண்ணி போதும், சுற்றளவு 51 செ.மீ. எட்டுப் பங்குக்கு ஏழேழு கண்ணி. ஒரே மாலையில், மூன்று நான்கு மணி நேரத்தில் முடியும். துவைத்துக் காய இரண்டு நாள் ஆகும் என்பதால் 22ஆம் தேதி இரவுக்குள் எல்லாம் தண்ணீரில் இறங்க வேண்டும். அதற்குப் பின் முடிவதைத் துவைக்காமலே கொடுங்கள், ஈரக் குல்லாவைக் காகிதத்தில் சுற்றாதீர்கள்.

## எப்போது அடுத்தவர் கையில் கொடுப்பது

விளிம்பு வெட்டி மாற்றுவது பயமாக இருந்தால், முதல் முறை அனுபவமுள்ள பின்னல்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள். நூல் விற்கிற கடைகளில் பெரும்பாலும் அப்படி ஒருவர் இருப்பார். பூச்சி அரித்த ஓட்டை 2 செ.மீ.யைத் தாண்டினால், அல்லது பல இடத்தில் இருந்தால், ரஃபு செய்பவரிடம், அதாவது ஓட்டையை நூல் ஓட்டி அடைப்பவரிடம், கொடுக்க வேண்டும். அதற்குள் குல்லாவைத் தனியாக ஒரு பையில் கட்டி வையுங்கள், பூச்சி மற்ற உல்லனுக்குப் போய்விடும். பாட்டி பின்னிய பழைய குல்லா போல நூலே நைந்துபோனதைக் கத்தரிக்கோலோடு அணுகாதீர்கள்.

எந்த ரிப்பேருக்கும் அதே நூல் வேண்டும். அடுத்த வருடம் கடைக்குப் போனால் அதே சாய எண் இருக்காது, ஒரே நிறம் என்று வாங்கியது பகல் வெளிச்சத்தில் வேறாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு குல்லாவுக்கும் ஐந்து மீட்டர் மிச்ச நூலை ஒரு அட்டையில் சுற்றி, துவைக்கும் முறை அச்சிட்ட பட்டையையும் அதோடு செருகி, பரிசுப் பொட்டலத்துக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். அட்டையின் பின்னால் ஊசி அளவும் கண்ணி எண்ணிக்கையும் எழுதியிருக்கும்.